நொடியில் சிரிப்பு, நொடியில் அழுகை: குழந்தையின் குணத்தை எப்படி ஆராய்கிறார்கள்?

"இவன் பிறவியிலேயே பிடிவாதக்காரன்" என்று முத்திரை குத்துவது பல வீடுகளில் சகஜம். ஆனா, ஒரே குழந்தை பத்து நிமிஷத்துல பல விதமா மாறுதே, அதை எப்படி அளப்பது?

1956-ல் நியூயார்க்கில் அலெக்சாண்டர் தாமஸ், ஸ்டெல்லா செஸ் தம்பதி தொடங்கிய ஆய்வு, பெற்றோரிடம் பேட்டி எடுத்து, குழந்தைகளின் சுபாவத்தை 9 அம்சங்களாகப் பிரித்தது. பொதுவான குணம் அதில் தெரியும்; நொடிக்கு நொடி மாற்றம் தெரியாது.

அதைக் காட்டியது, 1978-ல் எட்வர்ட் டிரோனிக் குழு வெளியிட்ட 'அசையாத முகம்' சோதனை. கொஞ்சிக்கொண்டிருந்த அம்மா, திடீரென முகபாவனையே இல்லாமல் உட்கார்ந்திருப்பார். குழந்தை முதலில் சிரித்துக் கூப்பிடும். பலிக்கலைன்னா முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அம்மா மீண்டும் கொஞ்சும்போது சில குழந்தைகள் சட்டென சமாதானமாகும். சில சிணுங்கிக்கொண்டே இருக்கும்.

இதில் பெற்றோருக்கு என்ன சேதி? எவ்வளவு அழுகிறது என்பது மட்டுமல்ல, அழுகையிலிருந்து எப்படி மீள்கிறது என்பதும் முக்கியம். அம்மாவும் குழந்தையும் எந்நேரமும் ஒத்துப்போவதில்லை. பிசகினாலும் மறுபடி சேர்ந்துகொள்வதுதான் வளர்ச்சிக்கு உதவும் என்கிறார் டிரோனிக். ஒரு நிமிஷ அடத்தை வச்சு பிள்ளையை எடை போட வேண்டாம்.