வலிப்பும் மனமும்: மரபணுவுக்கும் ஆண், பெண் வேறுபாட்டுக்கும் என்ன பங்கு?

வலிப்பு நோயைப் பற்றி நம் வீடுகளில் பேசுவது குறைவு. பேசினாலும் கீழே விழுவது, கை கால் வெட்டி இழுப்பது, வாயில் நுரை தள்ளுவது ஆகியவற்றோடு பேச்சு முடிந்துவிடும். 'காக்காய் வலிப்பு' என்ற பெயரும், கையில் சாவிக்கொத்தைத் திணிக்கும் வழக்கமும் இன்னும் நம்மிடையே இருக்கின்றன. ஆனால் வலிப்பு நீடிப்பது பெரும்பாலும் ஓரிரு நிமிடங்கள்தாம். மற்ற நேரமெல்லாம் அந்த மனிதர் எப்படி இருக்கிறார்? அவருடைய நினைவாற்றல், கவனம், மனநிலை எல்லாம் எப்படி உள்ளன? ஒரே மருந்தை உட்கொள்ளும் இருவரில் ஒருவர் நன்றாகப் படித்துத் தேற, மற்றவர் சொற்களுக்குத் தடுமாறுவதும் மனம் சோர்ந்து போவதும் ஏன்? இக்கேள்விகளுக்குக் கிடைத்துள்ள விடைகளை இக்கட்டுரை எளிமையாக விளக்க முயல்கிறது.

மூளையில் நடப்பது என்ன?

மூளையின் நரம்பணுக்கள் மின்துடிப்புகளால் பேசிக்கொள்கின்றன. குளூட்டமேட் போன்ற வேதிப்பொருள்கள் அணுக்களைத் தூண்டுகின்றன. காபா என்ற வேதிப்பொருள் அவற்றை அடக்குகிறது. இந்தச் சமநிலை குலைந்து, ஏராளமான அணுக்கள் ஒரே நேரத்தில் துடிக்கும்போது வலிப்பு வருகிறது. உலகில் ஏறத்தாழ 5 கோடிப் பேருக்கு வலிப்பு நோய் இருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. முறையான சிகிச்சை கிடைத்தால் அவர்களில் 70 விழுக்காடு வரையிலானோர் வலிப்பின்றி வாழ முடியும் என்றும் அது கூறுகிறது.

பெரியவர்களிடம் அதிகம் காணப்படும் ஒரு வகை, காதுக்கு மேலே உள்ள பொட்டு மடலில் தொடங்குவது. புதிய நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகேம்பஸும், அச்சம் முதலிய உணர்ச்சிகளைக் கையாளும் அமிக்டலாவும் அங்கேதான் இருக்கின்றன. எனவே அப்பகுதி பாதிக்கப்பட்டால் நினைவும் மனநிலையும் சேர்ந்தே பாதிக்கப்படுவதில் வியப்பில்லை. பெரும்பாலோருக்கு மொழியை ஆள்வது மூளையின் இடப்பக்கம். அதனால் இடப்பக்க வலிப்பு உள்ளவருக்குப் பெயர்களும் சொற்களும் கதைகளும் நினைவில் நிற்பது கடினமாகலாம். "நேற்றுப் படித்தது இன்று மறந்துவிட்டது" என்று மாணவர் சொன்னால், வீட்டில் அதைச் சோம்பல் என்று எடுத்துக்கொள்வோம். அது நோயின் ஒரு பகுதியாகவே இருக்கக்கூடும்.

மனச்சோர்வும் அப்படித்தான். வலிப்பு உள்ளவர்களில் ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்கு மனச்சோர்வு இருப்பதாக ஆய்வுகளின் தொகுப்புகள் காட்டுகின்றன. நோயால் வரும் கவலை இதற்கு ஒரு காரணம். அதுவே முழுக் காரணமன்று. முன்பு மனச்சோர்வு இருந்தவர்களுக்குப் பின்னாளில் வலிப்பு வரும் வாய்ப்பும் சற்றுக் கூடுதலாக உள்ளது. பாதை இருவழி, இரண்டுக்கும் மூளையில் பொதுவான வேர்கள் இருக்க வேண்டும் என்பதே இதிலிருந்து பெறப்படும் கருத்து.

மரபணு சொல்லும் கதை

"இது பரம்பரை நோயா?" என்பதே உறவினர்கள் கேட்கும் முதல் கேள்வி. பெரும்பாலான வலிப்புகளுக்கு ஒற்றை மரபணு காரணமன்று. தலையில் அடி, பக்கவாதம், மூளைத் தொற்று போன்றவை சிலருக்குக் காரணம். வேறு சிலருக்குச் சிறு சிறு மரபணு வேறுபாடுகள் பல ஒன்றுகூடிக் காரணமாகின்றன. ஆயினும் ஒற்றை மரபணுவால் வரும் சில அரிய வகைகள் நமக்குப் பெரிய பாடங்களைக் கற்றுத் தந்திருக்கின்றன.

ஒன்று, பிரெஞ்சு மருத்துவர் ஷார்லட் டிராவே 1978இல் விவரித்த டிராவே நோய். பிறந்த முதல் ஆண்டிலேயே காய்ச்சலோடு நீண்ட வலிப்புகள் வரும். பிறகு குழந்தையின் அறிவு வளர்ச்சி தடைப்படும். எஸ்சிஎன்1ஏ என்ற மரபணுவின் பிழையே இதற்குப் பெரும்பாலும் காரணம் என்பது 2001இல் தெரியவந்தது. அம்மரபணு சோடியம் வாயில்களை உருவாக்குவது. ஆகவே சோடியம் வாயில்களை அடைக்கும் கார்பமாசெபின் போன்ற வழக்கமான மருந்துகள் இக்குழந்தைகளுக்கு வலிப்பை அதிகப்படுத்தும். காரணமான மரபணு தெரிந்தால் தவறான மருந்தைத் தவிர்க்கலாம். அறிவு வளர்ச்சிக்கு நேரும் கூடுதல் பாதிப்பையும் குறைக்கலாம்.

இரண்டாவது கதை இன்னும் வியப்பானது. பிசிடிஹெச்19 என்ற மரபணு எக்ஸ் குரோமோசோமில் உள்ளது. எக்ஸ் குரோமோசோம் சார்ந்த நோய்கள் வழக்கமாக ஆண்களையே தாக்கும், ஏனெனில் அவர்களிடம் இருப்பது ஒரே எக்ஸ். இந்நோயோ தலைகீழ். பிழையுள்ள பெண் குழந்தைகளுக்கு வலிப்பும், பலருக்கு அறிவுத்திறன் குறைபாடும் நடத்தைச் சிக்கல்களும் வருகின்றன. அதே பிழையைச் சுமக்கும் ஆண்கள் பொதுவாக வலிப்பின்றி வாழ்கின்றனர். 1971இல் ஒரு குடும்பத்தில் கவனிக்கப்பட்ட இந்தப் புதிருக்குரிய மரபணு 2008இல் கண்டுபிடிக்கப்பட்டது.

இது எப்படிச் சாத்தியம்? பெண்ணின் ஒவ்வோர் உயிரணுவிலும் இரண்டு எக்ஸ்களில் ஒன்று ஓய்ந்துவிடும். எனவே அவளது மூளையில் சில அணுக்களில் சரியான மரபணு வேலை செய்யும்; மற்றவற்றில் பிழையானது இருக்கும். ஒரு கச்சேரியில் எல்லாரும் ஆதி தாளத்தில் வாசித்தாலும் சரி, எல்லாரும் ரூபக தாளத்தில் வாசித்தாலும் சரி, இசை ஒழுங்காக நடக்கும். பாதிப் பேர் ஒன்றிலும் பாதிப் பேர் மற்றொன்றிலும் வாசித்தால்தான் குழப்பம். ஆணின் மூளை முழுவதும் ஒரே தாளம். பெண்ணின் மூளையில் இரண்டு. அணுக்கள் ஒன்றையொன்று அடையாளம் கண்டு இணைவதில் தடுமாற்றம் ஏற்படுகிறது என்பதே இன்றைய விளக்கம்.

இதில் சமூகப் பாடம் ஒன்றும் உண்டு. பெண் குழந்தைக்கு நோய் என்றால் தாய்வழியைக் குறை கூறுவது நம் வழக்கம். இந்த நோயில் உடல்நலத்துடன் இருக்கும் தந்தையே தம் மகள்கள் அனைவருக்கும் பிழையைத் தந்திருக்கலாம். யாரிடமிருந்தும் வராமல் குழந்தையிடம் புதிதாகத் தோன்றியதாகவும் இருக்கலாம். பழி போடுவதற்கு அறிவியலில் இடமில்லை.

சிங்கப்பூரில் ஒரு ரத்தச் சோதனை

மரபணுவைப் பார்த்து மருந்து கொடுப்பது ஏதோ எதிர்காலக் கனவு அன்று. கார்பமாசெபின் வலிப்பை அடக்குவதோடு மனநிலையைச் சீராக்கவும் பயன்படும் பழைய மருந்து. ஆனால் சிலருக்கு இம்மருந்தால் தோலும் வாயும் கண்ணும் வெந்ததுபோல் உரியும், உயிருக்கே ஆபத்தான ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோய் வரும். ஹெச்எல்ஏ-பி 15:02 என்ற மரபணு வகைக்கும் இதற்கும் உள்ள வலுவான தொடர்பைத் தைவான் ஆய்வாளர்கள் 2004இல் வெளியிட்டனர். 2013இல் சிங்கப்பூரின் சுகாதார அமைச்சும் சுகாதார அறிவியல் ஆணையமும், ஆசிய வம்சாவளியினருக்கு இம்மருந்தை முதன்முறை தொடங்குமுன் இச்சோதனையைச் செய்வதே முறையான சிகிச்சை என்று அறிவித்தன. இந்த மரபணு வகை சீனரிடமும் மலாய்க்காரரிடமும் அதிகம். இந்தியரிடம் குறைவு என்றாலும் இல்லாமல் இல்லை.

நினைவாற்றலையும் மனநிலையையும் முன்கூட்டியே சொல்லும் இதுபோன்ற ஒரு சோதனை உண்டா? இன்னும் இல்லை. பிடிஎன்எஃப், ஏபிஓஇ போன்ற மரபணுக்களை வைத்துப் பல ஆய்வுகள் நடந்துள்ளன. முடிவுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. ஆகவே, "உங்கள் மரபணுவைப் பார்த்து உங்கள் மூளைத்திறனைச் சொல்கிறோம்" என்று யாராவது விளம்பரம் செய்தால் நம்ப வேண்டாம்.

மாதச் சக்கரமும் மூளையும்

வலிப்பு உள்ள பெண்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கு மாதவிலக்குச் சுழற்சியோடு வலிப்பும் கூடிக் குறைகிறது. ஈஸ்ட்ரோஜன் பொதுவாக நரம்பணுக்களைத் தூண்டும். புரோஜெஸ்டிரோன் உடலில் அலோபிரக்னனோலோன் என்ற பொருளாக மாறி, காபாவின் அடக்கும் வேலைக்குத் துணைபுரியும். மாதவிலக்குக்குச் சற்று முன்னர் இப்பொருள் திடீரெனக் குறைவதால் சிலருக்கு வலிப்பு வருகிறது. அதே நாள்களில் எரிச்சலும் சோர்வும் தோன்றுவதும் உண்டு.

இங்கே மனநிலையும் வலிப்பும் ஒரே பொருளில் சந்திப்பதைக் காண்கிறோம். அதே அலோபிரக்னனோலோன் 2019இல் அமெரிக்காவில் மகப்பேற்றுக்குப் பிந்திய மனச்சோர்வுக்கு மருந்தாக அனுமதி பெற்றது. அதன் நெருங்கிய உறவான கனாக்சோலோன் 2022இல், பெண் குழந்தைகளிடமே அதிகம் காணப்படும் ஓர் அரிய மரபணு வலிப்புக்கு அங்கு அனுமதிக்கப்பட்டது. ஒரு சாதாரண நாள்குறிப்பில் வலிப்பு வந்த நாள், மாதவிலக்கு நாள், அன்றைய மனநிலை மூன்றையும் குறித்து வந்தால் மருத்துவருக்கு அதுவே பெரிய உதவி.

மருந்தும் அடுத்த தலைமுறையும்

மருந்துகளுக்கும் குணம் உண்டு. டோப்பிரமேட் சிலரைச் சொல்லுக்குத் தடுமாறச் செய்யும். லெவட்டிராசெட்டம் சிலருக்குக் கடும் எரிச்சலையும் கோபத்தையும் தரும். "பிள்ளை திடீரென்று முரடனாகிவிட்டான்" என்று கவலைப்படும் பெற்றோர், மருந்து மாறிய தேதியைப் பார்ப்பது நல்லது. லமோட்ரிஜின் மனநிலைக்கு இதமானது. ஆயினும் கருத்தடை மாத்திரையும் கர்ப்பமும் ரத்தத்தில் அதன் அளவைக் குறைத்துவிடும்.

மிகப் பெரிய கேள்வி வால்புரோயேட் பற்றியது. அது ஆற்றல்மிக்க மருந்து. ஆனால் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்றின் முடிவு 2013இல் வெளியானது. கருவில் வால்புரோயேட்டுக்கு உள்ளான பிள்ளைகளின் சராசரி அறிவுத்திறன் எண் 6 வயதில் 97. லமோட்ரிஜினுக்கு உள்ளானோருக்கு 108. கருத்தரிக்கும் காலத்தில் ஃபோலிக் அமிலம் உட்கொண்ட தாய்மாரின் பிள்ளைகள் மேலான நிலையில் இருந்தனர் என்பதும் அதே ஆய்வின் முடிவு. நம் பக்கத்திலும் இத்தகைய பணி நடந்துள்ளது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவக் கழகம் 1998இல் தொடங்கிய கேரள வலிப்பு, கர்ப்பப் பதிவேடு, வலிப்பு உள்ள தாய்மாரையும் அவர்களின் பிள்ளைகளையும் பின்தொடர்ந்து வருகிறது. பெரும்பாலான தாய்மாருக்கு நலமான குழந்தைகள் பிறக்கின்றன. ஆனால் மருந்து மாற்றத்தைக் கருத்தரிக்கும் முன்பே திட்டமிட வேண்டும்.

இங்குதான் மறைப்பதன் விலை தெரிகிறது. இந்தியாவின் 1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டத்தில் வலிப்பு ஒரு தடையாக இருந்தது. 1999இல்தான் அச்சொல் நீக்கப்பட்டது. சட்டம் மாறிய அளவுக்கு மனங்கள் மாறவில்லை. நோயை மறைத்து மணமான பெண், மாத்திரையையும் மறைத்துப் போடுகிறாள். சில நாள் போடாமலே விடுகிறாள். கர்ப்பத்திற்கு முன் மருத்துவரைப் பார்க்க அவளால் எப்படி முடியும்? திடீரென மருந்தை நிறுத்துவது தாய்க்கும் சேய்க்கும் ஆபத்து.

ஆண்களுக்கும் உண்டு

இது பெண்களின் கதை மட்டுமன்று. கார்பமாசெபின், பெனிடோயின் போன்ற சில மருந்துகள் ஆண்களின் உடலில் பயன்படக்கூடிய டெஸ்டோஸ்டிரோனைக் குறைத்து, சோர்வையும் நாட்டக் குறைவையும் உண்டாக்கலாம். தென்னிந்தியாவில் அதிகம் அறியப்பட்ட 'வெந்நீர் வலிப்பு' ஆண்களிடமே கூடுதலாக உள்ளது. தலையில் சூடான நீரை வேகமாக ஊற்றிக் குளிக்கும்போது வரும் இதைப் பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் விரிவாக ஆராய்ந்து, சில குடும்பங்களில் மரபுத் தொடர்பையும் கண்டுள்ளனர். மேலும், ஆண் தன் மனச்சோர்வைச் சொல்வதில்லை. "ஆம்பிளை அழலாமா?" என்று கேட்டு வளர்த்தவர்கள் நாம்தானே.

நாம் செய்யக்கூடியவை

தேக்காவுக்கு அடிக்கடி செல்லும் நமக்குத் தெரிந்த இடந்தான் கேகே மகளிர், சிறார் மருத்துவமனை; லிட்டில் இந்தியா ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். டான் டொக் செங் மருத்துவமனை வளாகத்தில் தேசிய நரம்பியல் நிலையம் உள்ளது. பலதுறை மருந்தக மருத்துவரின் பரிந்துரையோடு இவற்றை அணுகலாம். போகும்போது "வலிப்பு எத்தனை முறை வந்தது" என்பதோடு நிறுத்தாமல், மறதி, தூக்கம், மனநிலை, திருமண எண்ணம், குழந்தைத் திட்டம் ஆகியவற்றையும் சொல்லுங்கள். வலிப்பு உள்ளவரின் மனச்சோர்வைக் கண்டறிய ஆறே கேள்விகள் கொண்ட படிவம் ஒன்று 2006 முதல் புழக்கத்தில் இருக்கிறது. சில நிமிடங்களில் முடிந்துவிடும் அதை மருத்துவரிடம் கேட்டுப் பெறலாம்.

நண்பர் ஒருவருக்கு நம் எதிரில் வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள், நேரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடங்களைத் தாண்டினால் 995ஐ அழையுங்கள். சாவிக்கொத்து சட்டைப்பையிலேயே இருக்கட்டும்.

திருக்குறளின் 95ஆம் அதிகாரமான 'மருந்து', நோயாளியின் தன்மை, நோயின் அளவு, காலம் ஆகியவற்றை ஆராய்ந்தே மருத்துவர் செயல்பட வேண்டும் என்கிறது. மரபணுவும் ஆண், பெண் வேறுபாடும் நோயாளியின் தன்மையைச் சேர்ந்தவை. அவற்றை மருத்துவர் ஆராய வேண்டுமானால் நோயாளி வாய் திறந்து சொல்ல வேண்டும். அவர் அச்சமின்றிச் சொல்லக்கூடிய வீட்டையும் வகுப்பறையையும் அமைத்துத் தருவது நம் பொறுப்பு.