முதலை விழுங்கிய எண்!

அவிநாசி என்றதும் முதலை நினைவுக்கு வராதவர் உண்டா? குளிக்கப்போன சிறுவனை முதலை விழுங்கியது. ஆண்டுகள் கழித்து அங்கே வந்த சுந்தரர் பதிகம் பாடினார். முதலை பாலகனைக் கரையில் உமிழ்ந்தது. தலபுராணம் சொல்லும் அதிசயம் இது.

கம்ப்யூட்டருக்குள்ளும் ஒரு முதலை இருக்கிறது. அது விழுங்கினால் விழுங்கியதுதான்!

கம்ப்யூட்டருக்குத் தெரிந்த இலக்கங்கள் இரண்டே. 0, 1. எட்டுக் கட்டங்கள் போட்டு 13 என்று எழுதினால் 00001101 என்று வரும். வலது கோடியிலிருந்து கட்டங்களின் மதிப்பு 1, 2, 4, 8 என்று இரட்டித்துக்கொண்டே போகும். எட்டும் நாலும் ஒன்றும் சேர்ந்தால் 13 அல்லவா? எல்லா இலக்கங்களையும் ஒரு கட்டம் இடப்பக்கம் தள்ளினால் 26. வாய்ப்பாடே வேண்டாம்! 'சி', 'ஜாவா' போன்ற மொழிகளில், தள்ள வேண்டிய பக்கம் பார்த்து இரண்டு அம்புக்குறி போட்டால் வேலை முடிந்தது.

வலப்பக்கம் தள்ளினால் பாதியாக வேண்டும். பாதியாக்குவது நம் தாத்தாக்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அரை, கால், அரைக்கால், வீசம் என்று பதினாறில் ஒரு பங்குக்கும் பெயர் வைத்திருந்தார்கள். 1957 ஏப்ரலில் நயா பைசா வரும்வரை ரூபாய்க்கு 16 அணா. ஓரணா என்பது ரூபாயில் வீசம். 13-ல் பாதி என்னவென்று அவர்களைக் கேட்டால் 'ஆறரை' என்பார்கள். கம்ப்யூட்டரோ 6 என்கிறது! கோடியில் இருந்த 1 கரை தாண்டி விழுந்துவிட்டது.

அவிநாசி வட்டாரத்துப் பனியன் கம்பெனி ஒன்று 13 கிலோ நூலை இரண்டு மெஷினுக்கு இப்படிப் பங்கிட்டால் கணக்கில் ஒரு கிலோ மாயம். திருடன் யாருமில்லை!

இடப்பக்கமும் ஆபத்துதான். எட்டுக் கட்டத்தில் அடங்கும் பெரிய எண் 255. 200-ஐ ஒரு கட்டம் இடப்பக்கம் தள்ளினால் 400 வர வேண்டும். எட்டுக் கட்டத்துக்குள் நிற்பதோ 144! மிச்சம் 256 முதலை வாயில். மணி அடிக்காது; எச்சரிக்கை வராது.

இந்த முதலையை வேலைக்கு வைத்துக்கொண்டவர்களும் உண்டு. பனியனில் அச்சடிக்கும் படத்தைத் திரையில் வரையும்போது, ஒவ்வொரு புள்ளியிலும் சிவப்பு, பச்சை, நீலத்துக்கு எட்டெட்டுக் கட்டம் ஒதுக்கி, மூன்றையும் ஒரே எண்ணாகக் கட்டி வைப்பது வழக்கம். சிவப்பு மட்டும் வேண்டுமா? 16 கட்டம் வலப்பக்கம் தள்ளினால் போதும். பச்சையும் நீலமும் விழுந்துவிடும், சிவப்பு நிற்கும். விடையைத் தனியாக எழுதிக்கொண்டால் மூல எண் பத்திரம். அதன் மேலேயே எழுதிவிட்டால் பச்சையும் நீலமும் திரும்பி வரமாட்டா.