ரோபோ பிறந்த கதை

பரீட்சைக்காகக் குறிப்புகளைப் பாடமாக்கிக்கொண்டிருந்த என்னைப் பார்த்து, "என்ன மகள், ரோபோ மாதிரி ஆகிட்டீங்க!" என்றார் உம்மா. அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று தேடினேன். அது விஞ்ஞானக் கூடத்தில் அல்ல, ஒரு நாடகத்தில் பிறந்தது என்று அறிந்து வியந்தேன்.

1914 முதல் 1918 வரை நடந்த முதலாம் உலகப் போரில் நச்சுவாயு, டாங்கி, போர் விமானம் என விஞ்ஞானத்தின் மறுபக்கத்தை உலகம் கண்டது. அடுத்த போர் மூளும் வரையான காலத்தில் எழுந்த விஞ்ஞானப் புனைகதைகள் பலவற்றில் அந்த அச்சம் தெரிகிறது.

செக் எழுத்தாளர் காரெல் சாப்பெக் 1920இல் வெளியிட்ட 'ஆர்.யூ.ஆர்.' நாடகமே 'ரோபோ' என்ற சொல்லை உலகுக்குத் தந்தது. கட்டாய உழைப்பைக் குறிக்கும் 'ரொபோட்டா' என்ற செக் சொல்லே அதன் மூலம். நாம் நினைப்பது போல அவை இரும்புப் பொம்மைகள் அல்ல. தொழிற்சாலையில் உருவாக்கப்பட்ட, மனித உருவிலான உழைப்பாளிகள். மனிதர் உழைப்பைக் கைவிட, ரோபோக்கள் கிளர்ந்தெழுந்து மனித இனத்தை அழிக்கின்றன. ஒருவரை மட்டும் உயிரோடு விடுகின்றன. காரணம், அவர் தம் கைகளால் வேலை செய்பவர்.

1927இல் ஜேர்மனியில் வெளியானது பிரிட்ஸ் லாங் இயக்கிய 'மெட்ரோபொலிஸ்' என்ற மௌனப்படம். அதில் செல்வந்தர் வானளாவிய மாடங்களில் வாழ்கின்றனர். தொழிலாளர் நிலத்தடியில் வாழ்கின்றனர். தலை குனிந்து, ஒரே நடையில், வரிசையாக அவர்கள் வேலைக்குச் செல்கின்றனர். படத்தில் ஒரு ரோபோவும் உண்டு. ஆனால் அதைவிட, இயந்திரமாகிப்போன அந்த மனிதர்களே என்னை அச்சுறுத்தினர்.

1932இல் ஆல்டஸ் ஹக்ஸ்லி எழுதிய 'பிரேவ் நியூ வேர்ல்ட்' நாவலில் குழந்தைகள் போத்தல்களில் வளர்க்கப்படுகின்றனர். பிறக்குமுன்பே அவர்களது தொழில் தீர்மானிக்கப்படுகிறது. அதில் ஒரு சிறுவனுக்கு உறக்கத்திலேயே பாடம் ஒலிக்க விடுகின்றனர். மறுநாள் நைல் நதியைப் பற்றிய வாக்கியத்தைப் பிழையின்றி ஒப்புவிக்கிறான். ஆபிரிக்காவின் மிக நீளமான நதி எது என்று கேட்டால் மட்டும் பதில் தெரியாமல் அழுகிறான்!

அந்தச் சிறுவனிடம் நான் என்னைக் கண்டேன். இயந்திரம் மனிதனைப் போலாவதை விட, மனிதன் இயந்திரம் போலாவதே பெரிய ஆபத்து என்பதை இப்படைப்புகள் அன்றே உணர்த்தியிருக்கின்றன.

அன்றிரவு குறிப்புகளை மூடிவைத்து, படித்ததை என் சொந்தச் சொற்களில் உம்மாவுக்கு விளக்க முயன்றேன். இரண்டாவது வாக்கியத்திலேயே தடுமாறினேன். "பரவால்ல, இன்னொரு தரம் சொல்லுங்க மகள்" என்றார் உம்மா.