கையில் இருப்பது யாருடைய துப்பாக்கி?

அமராவதிபுதூர் போன்ற செட்டிநாட்டு ஊர்களில் வளவுச் சுவர்களைப் பார்த்தால் ரங்கூனும் பினாங்கும் சிங்கப்பூரும் சட்டம் போட்டுத் தொங்கும். கொண்டுவிக்க, அதாவது வணிகம் செய்ய, செட்டியார்கள் போன ஊர்கள் அவை. 1941 டிசம்பரில் ஜப்பான் போரில் குதித்ததும் மூன்றின் மீதும் குண்டு விழுந்தது. அந்தக் காலத்துச் சீருடைக்காரர் படம் ஒன்று, வீட்டுப் பெட்டியிலோ காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடையிலோ கிடைத்தால், “யார் இவர்?” என்றுதான் முதலில் கேட்கிறோம். கையில் என்ன வைத்திருக்கிறார் என்றும் கேட்க வேண்டும். முகம் சொல்லாத பலவற்றைத் துப்பாக்கி சொல்லிவிடும்.

நேதாஜியின் இந்திய தேசிய ராணுவப் படங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஜப்பானியரோடு தோள் சேர்ந்து நின்ற படை அது. ஆனால் படங்களில் பெரும்பாலும் தெரிவது பிரிட்டிஷ் லீ-என்ஃபீல்டு. 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் சரணடைந்தபோது ஜப்பானியர் கைப்பற்றிய ஆயுதங்கள்தான் இந்தப் படைக்கு வந்தன. வெள்ளைக்காரனின் துப்பாக்கி அவனையே குறி பார்த்தது! எந்த வரலாற்றுப் புத்தகத்தையும்விட அந்தப் படங்கள் எனக்கு இதை ஆழமாக உணர்த்தின.

அடையாளம் காண லென்ஸ் ஒன்று போதும். இந்தப் படங்களில் வரும் லீ-என்ஃபீல்டின் மூக்கு மழுங்கல். மரக்கட்டை குழாயின் வாய்வரை ஓடி இரும்பு மூடியில் முடியும். ஜப்பானிய அரிசாகாவில் குழாய் நீண்டு வெளியே தெரியும். இயந்திரத் துப்பாக்கியில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பிரிட்டிஷ் ப்ரென், ஜப்பானிய 96-ஆம் வகை இரண்டுக்குமே வளைந்த தோட்டாப் பெட்டி மேலே நிற்கும். குழாயைப் பாருங்கள்: வழவழப்பாக இருந்தால் ப்ரென், வரிவரியாக இருந்தால் ஜப்பானியம்.

1943 ஜூலை 12-இல் சிங்கப்பூரில் டாக்டர் லட்சுமி தலைமையில் புடவை கட்டிய பெண்கள் நேதாஜிக்கு அணிவகுப்பு மரியாதை தந்தார்கள். கையில் ஏறத்தாழ நான்கு கிலோ எடையுள்ள .303 லீ-என்ஃபீல்டு. அதிலிருந்துதான் ஜான்சி ராணி படை வளர்ந்தது. அதில் சேர்ந்தவர்களில் பலர் மலேயா ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள், இந்தியாவைக் கண்ணால் பார்த்திராதவர்களும் உண்டு. அந்தப் படங்களில் துப்பாக்கியைப் பற்றியிருக்கும் விரல்களை நின்று பார்க்கத் தோன்றுகிறது.

பொய்யையும் ஆயுதம் காட்டிக்கொடுக்கும். லீ-என்ஃபீல்டின் போல்ட் கைப்பிடி வலப்பக்கம் இருக்கும். படத்தில் இடப்பக்கம் தெரிந்தால் நெகட்டிவைத் திருப்பிப் போட்டு அச்சிட்டிருக்கிறார்கள். முனையில் கூம்பு வைத்த குட்டைத் துப்பாக்கி, ‘ஜங்கிள் கார்பைன்’, 1944-இல்தான் வந்தது. அது இருக்கும் படத்துக்கு ‘1942’ என்று யார் எழுதியிருந்தாலும் நம்பாதீர்கள். மார்பின் இருபுறமும் பெரிய பை தொங்கினால் அது பிரிட்டிஷ் ராணுவத்தின் 1937 மாதிரிப் பட்டை. ப்ரென் தோட்டாப் பெட்டி கொள்ளும் அளவுக்குத் தைத்தது.

வீட்டில் இப்படி ஒரு படம் இருந்தால், சட்டத்துக்குப் பொருந்தவில்லை என்று ஓரத்தை வெட்டாதீர்கள். துப்பாக்கி முனையும் பூட்ஸும் அந்த ஓரத்தில்தான் இருக்கும். முன்பக்கத்தோடு பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்து வையுங்கள். ஸ்டுடியோ முத்திரையும் பென்சில் எழுத்தும் அங்கேதான் இருக்கும்.