கடல் கடந்த கரும்பலகை – 9: சம்பளச் சீட்டு

"அண்ணே, இது நல்ல சம்பளமா இல்லையா? ஒரே வார்த்தையில சொல்லுங்க."

சிங்கம்புணரி வாத்தியார் கோயில் வாசலில் அந்தத் தம்பி என்னிடம் கேட்ட கேள்வி இது. சித்தர் முத்துவடுகநாதர் அடங்கிய இடம் அது. ஆனால் ஊருக்குள் வழி கேட்டால் வாத்தியார் கோயில் என்றுதான் கை காட்டுவார்கள். அங்கே நின்றுகொண்டு ஒரு வாத்தியார் வேலைக்கான கடிதத்தை அவர் விரித்தது எனக்குப் பிடித்திருந்தது.

தம்பிக்கு 36 வயது. ஆங்கில இலக்கியத்தில் பிஎச்.டி. முடித்தவர். ஓர் அரசுக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர். தொகுப்பூதியம் 25,000 ரூபாய், அதுவும் வருடத்தில் 11 மாதத்துக்கு. மே மாதம் அரிசிக்கடையும் மருந்துக்கடையும் விடுமுறை விடுவதில்லை, சம்பளம் மட்டும் விட்டுவிடும். யுஜிசி 2019 ஜனவரியில் வெளியிட்ட நெறிமுறை, வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதத்துக்கு 50,000 வரை தரலாம் என்றது. அதில் பாதிதான் அவர் கைக்கு வருகிறது. அவருடைய அம்மா இன்னமும் தென்னை நார்க் கயிறு திரிக்கும் பட்டறைக்குப் போய் வருகிறார்.

கடிதம் எத்தியோப்பியாவிலுள்ள ஓர் அரசுப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருந்தது. ஆங்கிலத் துறையில் வேலை, இரண்டு வருட ஒப்பந்தம், சம்பளம் டாலரில். தொகையை நான் இங்கே எழுதப்போவதில்லை. அது அவர் வீட்டு விஷயம். ரூபாயாக மாற்றிப் பார்த்தால் இப்போது வாங்குவதைப்போலச் சில மடங்கு. அந்தப் பெருக்கல் கணக்கைக் கடிதத்தின் மூலையில் பென்சிலால் போட்டு வைத்திருந்தார்.

ஒரே வார்த்தையில் சொல்ல முடியாது என்றேன். ஏன் முடியாது என்பதுதான் இந்த வாரம்.

கடல் கடந்து போய்ச் சம்பளம் வாங்குவது இந்தச் சீமைக்குப் புதிதல்ல. பர்மாவிலும் மலேயாவிலும் கடை வைத்திருந்த நகரத்தார், அங்கே அனுப்பும் ஏஜெண்டுக்கும் அவருக்குக் கீழே வேலை பார்க்கும் அடுத்தாட்களுக்கும் ஊரிலேயே சம்பளச் சீட்டு எழுதினார்கள். பெரும்பாலும் மூன்று வருடத் தவணை. சம்பளம் மாதக் கணக்கில் பேசப்படாது. மூன்று வருடத்துக்கும் சேர்த்து ஒரே தொகை. அதில் ஒரு பகுதி புறப்படும் முன்பே வீட்டுச் செலவுக்குக் கைக்கு வந்துவிடும். மீதி பேரேட்டில் அவர் பெயரில் நிற்கும். அங்கே சாப்பாடும் தங்கும் இடமும் கடைச் செலவு. தவணை முடிந்து, அடுத்து வருபவரிடம் கணக்கை ஒப்படைத்துவிட்டுத் திரும்பும்போது, லாபம் நன்றாக இருந்தால் அதிலும் பங்கு உண்டு.

அந்த முறையில் குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. மூன்று வருடம் மனைவி மக்களைப் பார்க்காமல் கிடந்தவர்களின் ஏக்கம் எந்தப் பேரேட்டிலும் ஏறவில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். எவ்வளவு, எந்தப் பணத்தில், எங்கே, எப்போது கைக்கு வரும், அங்கே இருக்கும் செலவு யாருடையது, முடிவில் என்ன கிடைக்கும் என்பதெல்லாம் கப்பலேறும் முன்பே தீர்ந்துவிடும். நூறு வருடம் கழித்து, பிஎச்.டி. முடித்த ஒருவர் விமானம் ஏறும்போது இவற்றில் பாதிக்குப் பதில் தெரியாமல் போகிறார். எனக்கு ஆற்றாமை அங்கேதான்.

எத்தியோப்பியாவுக்கும் நம் வாத்தியார்களுக்கும் உள்ள உறவு பழையது. பேரரசர் ஹைலி செலாசி காலத்திலேயே இந்திய ஆசிரியர்கள், குறிப்பாகக் கேரளத்தவர், அங்கே பள்ளிகளில் பாடம் நடத்தினார்கள். 2000-க்குப் பிறகு அந்த நாடு பல்கலைக்கழகங்களை வேகமாகத் திறந்தது. விரல் விட்டு எண்ணும்படி இருந்தவை இன்று நாற்பதைத் தாண்டிவிட்டன. உயர்நிலைப் பள்ளியிலிருந்தே பயிற்றுமொழி ஆங்கிலம் என்பதால் ஆங்கில ஆசிரியருக்குத் தேவை குறையவே இல்லை. கட்டடம் எழுந்த வேகத்தில் உள்ளூரில் ஆசிரியர் உருவாக முடியாது அல்லவா? அந்த இடைவெளியில்தான் ஜிம்மா, கோண்டர், பஹிர் தார், மெக்கெல்லே என்ற பெயர்கள் தமிழ்நாட்டுப் பேராசிரியர்கள் பேச்சில் சர்வசாதாரணமாக வர ஆரம்பித்தன. பணத்துக்காகப் போய், மாணவர்களின் அன்புக்காக ஒப்பந்தத்தை நீட்டித்தவர்களை நான் சந்தித்திருக்கிறேன்.

ஆனால் டாலர் என்று எழுதியிருப்பது வேறு, டாலராகக் கைக்கு வருவது வேறு. சம்பளத்தை டாலரில் குறிப்பிட்டுவிட்டு, ஒரு பகுதியை உள்ளூர் நாணயமான பிர்ரில் தரும் ஒப்பந்தங்கள் உண்டு. அந்நியச் செலாவணிக்குத் தட்டுப்பாடு உள்ள நாட்டில், பிர்ரை டாலராக்கி ஊருக்கு அனுப்ப வங்கியில் காத்துக் கிடக்க வேண்டும். காத்திருக்கும்போதே நாணயத்தின் மதிப்பு இறங்கினால்? 2017 அக்டோபரில் பிர்ரின் மதிப்பை 15 சதவீதம் குறைத்தார்கள். 2024 ஜூலை இறுதியில் அரசு பிடியை விட்டுச் சந்தையே மதிப்பைத் தீர்மானிக்கட்டும் என்றது. அதுவரை ஒரு டாலருக்குச் சுமார் 57 பிர்ராக இருந்தது, சில வாரங்களிலேயே 100-ஐத் தாண்டியது. பெட்டியில் பிர்ராகச் சேர்த்து வைத்திருந்தவருக்கு, திருட்டே நடக்காமல் ஏறக்குறைய பாதி போனது.

ஆகவே முதல் கேள்வி: இந்தச் சம்பளத்தில் எத்தனை டாலர் மாதாமாதம் சிங்கம்புணரி வங்கிக் கணக்குக்கு வரும்? அந்த எண்தான் சம்பளம். மற்றது அங்கே சாப்பிடுவதற்கான படி.

இரண்டாவது கேள்வியைக் கேட்கவே மனசு கூசும். ஏதாவது ஆகிவிட்டால்? 2020 நவம்பரில் திக்ராய் பகுதியில் போர் மூண்டது. மெக்கெல்லே, அக்சும், அடிக்ராட் பல்கலைக்கழகங்கள் அந்தப் பகுதியில் இருப்பவை. தொலைபேசி அறுந்தது, வங்கிகள் மூடின. 2015 ஜூலையில் லிபியாவின் சிர்தே நகரில், பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திய நான்கு இந்தியர்கள் ஊர் திரும்பும் வழியில் கடத்தப்பட்டார்கள். இருவர் சில நாளிலேயே விடுபட்டார்கள். மற்ற இருவர் வீடு திரும்ப ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. 2011 உள்நாட்டுப் போரின்போதே லிபியாவிலிருந்து பல்லாயிரம் இந்தியரை அரசு மீட்டு வந்த பிறகும் ஏன் அங்கே இருந்தார்கள் என்று கேட்பது சுலபம். பாக்கிச் சம்பளத்தை விட்டு வர முடியாத நிலை என்ன என்பது மே மாதச் சம்பளம் இல்லாதவருக்குத் தெரியும். பாதியில் கிளம்ப நேர்ந்தால் டிக்கெட் யார் செலவு, நிலுவை எப்படி வரும் என்பது ஒப்பந்தத்தில் ஒரு வரியாவது இருக்க வேண்டும்.

வளைகுடா நாடுகளில் சிக்கல் வேறு மாதிரி. அங்கே பணத்தை அனுப்பத் தடையில்லை. வீட்டு வாடகைப் படி, வருடம் ஒருமுறை டிக்கெட், மருத்துவக் காப்பீடு எல்லாம் பெரும்பாலும் இருக்கும். கவனிக்க வேண்டியது 'அடிப்படைச் சம்பளம்' என்ற ஒரே சொல். ஓமனில் 2023 ஜூலையில் வந்த புதிய தொழிலாளர் சட்டம், வேலையை விட்டு வரும்போது வருடத்துக்கு ஒரு மாத அடிப்படைச் சம்பளம் பணிக்கொடையாகத் தரச் சொல்கிறது. இரண்டு ஆசிரியர்களுக்கு மொத்தச் சம்பளம் ஒரே 700 ரியால் என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு அடிப்படை 500, இன்னொருவருக்கு 350 என்று பிரித்து எழுதிவிட்டால், நான்கு வருடத்தில் இரண்டாமவருக்கு 600 ரியால் குறையும். நம் பணத்தில் ஒரு லட்சத்துக்கு மேல். சவூதித் தொழிலாளர் சட்டத்தில் முதல் ஐந்து வருடத்துக்கு வருடம் அரை மாதச் சம்பளம், அதற்குப் பிறகு வருடம் ஒரு மாதம். இரண்டு வருடம் முடியும் முன் தானாக ராஜினாமா செய்தால் ஒன்றுமில்லை. பல்கலைக்கழகங்கள் ஆங்கில வகுப்பைக் கம்பெனிகளிடம் ஒப்படைக்கும் இடங்களில், நமக்கு முதலாளி பல்கலைக்கழகம் அல்ல, அந்தக் கம்பெனிதான் என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இனி எனக்கு நெஞ்சில் தைக்கும் விஷயம்.

ஆங்கில ஆசிரியர் வேலைக்கு மட்டும் உலகம் பாஸ்போர்ட்டைப் பார்த்துச் சம்பளம் போடுகிறது. தென்கொரியாவின் மொழி ஆசிரியர் விசா, ஆங்கிலத்துக்கு ஏழு நாட்டுக் குடிமக்களையே ஏற்கிறது: அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா. 2010 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த இந்திய–கொரிய ஒப்பந்தம், நம்மவர் ஆங்கில உதவி ஆசிரியராகப் போக ஒரு கதவைத் திறந்தது. கவனியுங்கள், உதவி ஆசிரியர். வளைகுடாவிலும் ஒரே துறையில், ஒரே பாடப்புத்தகத்தை நடத்தும் இருவருக்குப் பிறந்த நாட்டை வைத்து இரண்டு சம்பளம் போடும் இடங்கள் உண்டு. ஆங்கில ஆசிரியர்களின் உலக அமைப்பான டெசோல் 2006-லேயே இந்தப் பாகுபாட்டைக் கண்டித்து அறிக்கை விட்டது. விளம்பரங்கள் இன்னும் 'தாய்மொழியாகப் பேசுபவர் மட்டும்' என்றுதான் வருகின்றன. இலக்கணத்தை வெளியிலிருந்து கற்றுக்கொண்டவரால்தான் அது எங்கே இடறும் என்று மாணவருக்குக் காட்ட முடியும். சிங்கம்புணரி அரசுப் பள்ளியில் படித்து ஆங்கிலத்தில் பிஎச்.டி. வாங்கியவருக்கு இது புத்தகத்தில் படித்த விஷயமல்ல, பட்டுத் தெரிந்தது.

1885-ல் கல்கத்தா பிரெசிடென்சி கல்லூரியில் இயற்பியல் ஆசிரியராகச் சேர்ந்த ஜகதீச சந்திர போஸுக்கு, ஐரோப்பியருக்குத் தந்ததைவிட மிகக் குறைந்த சம்பளம் நிர்ணயித்தார்கள். அவர் வேலையை விடவில்லை, சம்பளத்தைத் தொடவில்லை. மூன்று வருடம் ஒரு பைசா வாங்காமல் பாடம் நடத்தினார். கடைசியில் முழுச் சம்பளமும் நிலுவையோடு வந்தது. தம்பியை அப்படிச் செய்யச் சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் பேரம் பேசும் மேசையில் குனிந்து உட்கார வேண்டாம் என்று சொல்ல உரிமை உண்டு.

நம் அரசின் கண்ணும் வெளிநாடு போகும் ஆசிரியர்கள்மேல் படுவதில்லை. பத்தாவது முடிக்காத கொத்தனார் சவூதிக்கோ ஓமனுக்கோ போனால், 1983 குடிபெயர்வுச் சட்டப்படி அனுமதி வாங்க வேண்டும். அவருடைய ஒப்பந்தத்தை ஓர் அதிகாரி பார்ப்பார். பட்டதாரிக்கு அந்த அனுமதி தேவையில்லை. படித்தவர், பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுகிறார்கள். முனைவர் பட்டத்துக்கும் ஒப்பந்தம் படிக்கத் தெரிவதற்கும் சம்பந்தமில்லை. பதிவுபெற்ற ஏஜெண்ட் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும் தவிர ஒரு ரூபாய் வாங்கக் கூடாது என்பதுகூடப் பல பேராசிரியர்களுக்குத் தெரியாது. 1978-லிருந்து சென்னையில் இயங்கும் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் விசாரிக்கலாம் என்பதும் தெரியாது.

வரி பற்றி ஒன்று மட்டும். வேலைக்காக வெளிநாடு போகும் வருடத்தில், ஏப்ரலிலிருந்து கணக்கிட்டு 182 நாள் இந்தியாவில் இருந்துவிட்டால், அந்த வருடத்துக்கு நீங்கள் இங்கே குடியிருப்பவர். வெளிநாட்டுச் சம்பளத்துக்கும் இங்கே கணக்குக் காட்ட வேண்டும். செப்டம்பர் 28-க்குள் கிளம்புவதற்கும் அக்டோபரில் கிளம்புவதற்கும் உள்ள வித்தியாசம் இது. தம்பியின் கடிதத்தில் சேரும் தேதி அக்டோபர் 5.

கோயில் திண்ணையில் உட்கார்ந்து, அவர் போட்டிருந்த பெருக்கல் கணக்குக்குக் கீழே நான்கு கேள்விகள் எழுதினோம். எத்தனை டாலர் ஊருக்கு அனுப்பலாம்? வீடு தருவார்களா, வாடகைப் படியா? வருட டிக்கெட் எனக்கு மட்டுமா, மனைவிக்கும் குழந்தைக்குமா? பாதியில் திரும்ப நேர்ந்தால் பாக்கி எப்படி வரும்? அன்று இரவே ஆங்கிலத்தில் பணிவாக, ஆனால் குழையாமல் ஒரு மின்னஞ்சல் அனுப்பினார்.

பத்து நாள் கழித்துப் பதில் வந்தது. வீடு உண்டு. டிக்கெட் குடும்பத்துக்கும் உண்டு. ஊருக்கு அனுப்பும் பங்கு எவ்வளவு என்று ஒரு சதவீதம் எழுதியிருந்தார்கள். தம்பி அதை வைத்து மறுபடி பெருக்கிப் பார்த்ததில், முதல் கணக்கைவிடக் குறைவுதான், இருந்தாலும் அம்மா பட்டறைக்குப் போவதை நிறுத்தப் போதுமானது. நான்காவது கேள்விக்கு மட்டும் பதில் இல்லை. அதை மட்டும் தனியாக மறுபடி கேட்டிருக்கிறார். பதில் வரும்வரை கையெழுத்துப் போடுவதில்லை என்று இருக்கிறார்.

(அடுத்த வாரம்: சான்றிதழ்கள் ஏறி இறங்கும் அலுவலகங்கள்)