சலவைக் குறியும் வைஃபையும்

கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையத்தால் 2013 முதல் பலருக்கும் பெயர் தெரிந்த ஊர் நெம்மேலி. அங்கே கடலை ஒட்டிய ஒரு விடுதியில் இரண்டு நாள் தங்கினேன். போனில் வைஃபை முழுசாகக் கோடு காட்டியது. பாஸ்வேர்டையும் ஏற்றுக்கொண்டது. அப்புறம் ‘ஐபி முகவரி பெறுகிறது’ என்று சுற்றிக்கொண்டே இருந்தது.

“கடல் காத்து சார், இங்க அப்படித்தான்” என்றார் வரவேற்பறைத் தம்பி. ஆனால் அலுவலக லேப்டாப், அதே ஆக்சஸ் பாயின்டிலிருந்து (வைஃபை அலை பரப்பும் பெட்டி) வேறொரு வைஃபை பெயரில் ஜோராக ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் வந்த டெக்னீஷியன் கூரைப் பக்கம் பார்க்கவே இல்லை. படிக்கட்டுக்கு அடியில் நெட்வொர்க் சுவிட்ச் இருந்த பெட்டியைத் திறந்து, “சுவிட்ச் மாத்தினீங்களா?” என்று கேட்டார். முந்தின வாரம்தான் மாற்றியிருந்தார்கள்.

ஒரே ஆக்சஸ் பாயின்ட், விருந்தினருக்கு ஒன்று, அலுவலகத்துக்கு ஒன்று என்று பல வைஃபைகளைக் காட்டும். கீழே இறங்குவதோ ஒரே கேபிள். பல வீட்டுத் துணி ஒரே மூட்டையில் சலவைக்குப் போகிற கதைதான். துணி மாறாமலிருக்க மூலையில் அழியாத மையால் குறி போடுவார்கள். (பழைய துப்பறியும் கதைகளில் கொலைகாரனைக் காட்டிக்கொடுப்பதும் இந்தக் குறிதான்.) இணையத் தகவல் பொட்டலங்களுக்கும் இதேபோல் 4 பைட்டில் ஒரு குறி உண்டு. 1998இல் வந்த 802.1கியூ என்ற தரநிர்ணயம் அதை வகுத்தது. அதில் எண்ணுக்கு 12 பிட் இடம். ஒரே கம்பியில் 4,094 தனித்தனி வலைகள் ஓடலாம். ஒவ்வொன்றும் ஒரு ‘விலான்’.

குறியோடு வரும் மூட்டையை வாங்க, சுவிட்ச் போர்ட்டை ‘டிரங்க்’ என்று அமைக்க வேண்டும். புது சுவிட்சில் அது ‘ஆக்சஸ்’ நிலையிலேயே கிடந்தது. ஒரு வீட்டுத் துணியை மட்டும், அதுவும் குறியில்லாமல் வாங்கும் கடை அது. அலுவலகத் தகவல் குறியில்லாமல் வந்ததால் உள்ளே போனது. விருந்தினர் தகவல் குறியோடு வந்து வாசலிலேயே விழுந்தது. பாஸ்வேர்டைச் சரிபார்த்தது ஆக்சஸ் பாயின்டே என்பதால் அது மட்டும் பழுதில்லாமல் நடந்தது. முகவரி கேட்டுப் போன கோரிக்கைதான் சுவிட்சைத் தாண்டவில்லை.

சரிசெய்ய நான்கைந்து வரி கட்டளை போதும். எனக்குப் பிடித்தது, டெக்னீஷியன் இரண்டு விலான் எண்களை மட்டும் அனுமதித்தது. பலரும் எல்லாவற்றையும் திறந்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். வேலை நடக்கும்தான். ஆனால் கைக்கெட்டும் வராந்தா கேபிளைப் பிடுங்கித் தன் லேப்டாப்பில் செருகுகிறவருக்கு சிசிடிவி, பில்லிங் கணினி வரை வழி கிடைத்துவிடும்.

ஆக்சஸ் பாயின்டுக்குக் கரண்டும் அதே கேபிளில்தான் போகிறது. மறுமுனையில் சுமார் 25 கிலோ ஓம் மின்தடை இருக்கிறதா என்று சுவிட்ச் முதலில் தொட்டுப் பார்க்கும். இருந்தால்தான் ஏறத்தாழ 48 வோல்ட் அனுப்பும். இப்படிக் கேபிள்வழி கரண்டு அனுப்புவதற்கான 2003 தரத்தில் ஒரு போர்ட்டுக்கு 15.4 வாட், 2009இல் 30 வாட்.

வராந்தாவில் இருந்த ஆக்சஸ் பாயின்ட் அப்போதும் விட்டுவிட்டு அணைந்தது. டெக்னீஷியன் பிளக்கை உருவிக் காட்டினார். உப்பு ஈரத்தில் நேர்மின்சாரம் ஓடி, செப்புத் தகடுகளில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. நுனியை வெட்டிப் புது பிளக்கை கிரிம்ப் செய்தார்.

“நான்தான் சொன்னேனே, கடல் காத்துன்னு” என்றார் தம்பி.