மஸ்டாங்கா, டிடி-யா? பழைய ஸ்போர்ட்ஸ் கூபே வாங்குறதுக்கு முன்னாடி ஒரு கணக்கு

இன்னிக்கு எபிசோட் கார் ரிவ்யூ இல்ல. ஒரு பெரிய தொகையைப் போடுறதுக்கு முன்னாடி எப்படி யோசிக்கணும்ங்கிறதுதான் விஷயம்.

திருப்பூர்ல பவர் டேபிள் நடத்துற என் ஃப்ரெண்டு ஒருத்தன், பல வருஷமா சேர்த்த காசுல ஒரு ஸ்போர்ட்ஸ் கூபே வாங்கணும்னு நிக்கிறான். லிஸ்ட்ல ரெண்டு வண்டி: 2016 மாடல் ஃபோர்டு மஸ்டாங் ஜிடி, அதே வருஷத்து ஆடி டிடி. இதே காசுல ஒரு லைன் ஓவர்லாக், பேட்லாக் மெஷின் போடலாம். 2025 ஆகஸ்ட்ல அமெரிக்கா வரியை 50 சதவீதமா ஏத்தினப்ப பனியன் கம்பெனிங்க பட்ட பாடு எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அதனால "ஆசைப்பட்டேன், வாங்கிட்டேன்"னு முடிக்கிற சமாச்சாரம் இல்ல இது.

பேப்பர்ல ரெண்டும் எப்படி?

மஸ்டாங் 2016-ல நம்ம ஊருக்கு வந்தப்ப ஷோரூம் விலை சுமார் 65 லட்சம். 5 லிட்டர் வி8 இன்ஜின், சுமார் 400 குதிரைத்திறன், பின் சக்கரத்துக்கு மட்டும் பவர். டிடி 2015-ல சுமார் 60 லட்சத்துக்கு வந்துச்சு. 2 லிட்டர் டர்போ, 230 குதிரைத்திறன், நாலு சக்கரத்துக்கும் பவர்.

பவர்ல மஸ்டாங் எங்கேயோ போயிடும். ஆனா டிடி அதைவிட 300 கிலோவுக்கு மேல எடை கம்மி. 0-வில் இருந்து 100 கிலோமீட்டர் வேகத்தை 5.3 நொடியில தொட்டுடும்னு கம்பெனி சொல்லுது. பிஎன் ரோட்டுல சாயங்காலம் ஷிஃப்ட் விடுற நேரத்துல ரெண்டும் 15-லதான் போகும், அது வேற கதை.

நம்ம ரோட்டுக்கு முக்கியமான நம்பர் வேற ஒண்ணு இருக்கு, வீல்பேஸ். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவுல மஸ்டாங்ல 2,720 மில்லிமீட்டர், டிடில 2,505. நடு வயிறு நீளமா, தாழ்வா இருந்தா பெயின்ட் அடிக்காத ஸ்பீடு பிரேக்கர்ல அடி தட்டும். மஸ்டாங்கை லிஃப்ட்ல ஏத்தி அடிப்பக்கம் பாக்காம அட்வான்ஸ் குடுக்காதீங்க.

பாதுகாப்பையும் சொல்லிடறேன். யூரோ என்கேப் டெஸ்ட்ல டிடிக்கு 2015-ல 4 ஸ்டார். மஸ்டாங்குக்கு 2017 ஜனவரியில 2 ஸ்டார்தான். மாத்தம் செஞ்ச மாடலுக்கு அப்புறமா 3 கிடைச்சுது. 2016 வண்டி அந்த மாத்தத்துக்கு முந்தினது.

ஓட்டுற செலவு

வருஷத்துக்கு 6,000 கிலோமீட்டர்னு வெச்சுக்குவோம். மஸ்டாங் லிட்டருக்கு 5, டிடி 10 குடுத்தா, பெட்ரோல் 100 ரூபாய் கணக்குல ஒண்ணுக்கு 1.2 லட்சம், இன்னொண்ணுக்கு 60,000. இந்த வித்தியாசம் தாங்கும். தாங்காதது ஸ்பேர் பார்ட்ஸ்தான்.

ஃபோர்டு 2021 செப்டம்பர்ல இந்தியாவுல கார் தயாரிப்பை நிறுத்துறதா அறிவிச்சுது. மஸ்டாங் எப்படியும் இறக்குமதி வண்டிதான். ஒரு பம்பர் உடைஞ்சாலும் காத்திருக்கணும். டிடி தயாரிப்பும் 2023 நவம்பரோட முடிஞ்சுது. ஆனா அதோட இன்ஜின் குடும்பம் இங்க வித்த ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ்லயும் இருக்கு. அதனால கோயமுத்தூர்ல அதைத் தொட்டுப் பழகின மெக்கானிக் கிடைக்க வாய்ப்பு அதிகம். பாடி பார்ட்ஸ் டிடிக்கும் வெளிநாட்டுல இருந்துதான் வரணும்.

செக்கிங்

பனியன் கம்பெனியில துணி வந்தா ஜிஎஸ்எம் கட்டர் போட்டு எடை பாக்காம ஏத்துக்குவாங்களா? கார்லயும் அதேதான்.

முதல்ல பெயின்ட் மீட்டர். கம்பெனி பெயின்ட் பெரும்பாலும் 100-ல இருந்து 180 மைக்ரான். ஒரு கதவு மட்டும் 500 காட்டினா, உள்ள பட்டி பூசியிருக்கு.

ரெண்டாவது ஓபிடி ஸ்கேனர். எரர் கோடு இல்லேன்னா சந்தோஷப்படாதீங்க. ரெடினஸ் மானிட்டர் பாருங்க. அது "முடியல"ன்னு காட்டினா, சமீபத்துல யாரோ கோடை அழிச்சிருக்கலாம், இல்ல பேட்டரியைக் கழட்டியிருக்கலாம். எங்க வேலையில ஆடிட்டுக்கு முந்தின நாள் லாக் ஃபைலைக் காலி பண்ற மாதிரி. காரணம் கேளுங்க, நல்லா ஓட்டிட்டு மறுபடி ஸ்கேன் பண்ணுங்க.

மூணாவது டயர். பக்கவாட்டுல நாலு இலக்கம் இருக்கும். 2319-னா 2019-ஓட 23-வது வாரம் செஞ்சது. கம்மி கிலோமீட்டர் ஓடின வண்டியில ட்ரெட் புதுசா தெரியும், ரப்பர் கெட்டுப் போயிருக்கும்.

டிடில கியர்பாக்ஸ் ஆயில் மாத்தின பில் கேளுங்க. டிராஃபிக்ல ஊர்ந்து போகும்போது உதறுதான்னு பாருங்க, கூலன்ட் கசிவும் பாருங்க. மஸ்டாங்ல பின் டயர் ஒரு பக்கமா தேஞ்சிருக்கா, டிஃப்ரன்ஷியல்ல ஊளை சத்தம் வருதான்னு கவனிங்க. ரெண்டையும் இன்ஜின் ஆறி இருக்கும்போது நீங்களே ஸ்டார்ட் பண்ணுங்க. நீங்க போறதுக்கு முன்னாடியே சூடாக்கி வெச்சிருந்தா, இன்னொரு நாள் வர்றேன்னு சொல்லிட்டு வந்துருங்க.

பேப்பர்

பெங்களூரு வண்டி சல்லிசா தெரியும். ஆனா அங்கிருந்து என்ஓசி வாங்கி, இங்க மறுபதிவு செஞ்சு, தமிழ்நாட்டு ஆயுள் வரி கட்டணும். 20 லட்சத்துக்கு மேல போற புது காருக்கு 2023 நவம்பர்ல இருந்து அது 20 சதவீதம். பழைய வண்டிக்கு வயசைப் பொறுத்துக் குறையும், இருந்தாலும் இந்த விலைக்கு லட்சக்கணக்குல வரும். அதைச் சேர்த்துட்டு அப்புறம் சல்லிசான்னு பாருங்க. படிவம் 29, 30 கையெழுத்து, லோன் முடிஞ்சிருந்தா படிவம் 35, எல்லாம் கைக்கு வந்தப்புறம்தான் முழுப் பணம்.

அப்ப எது?

ஃப்ரெண்டுகிட்ட நான் சொன்னது இதுதான். தினமும் அவிநாசி ரோட்டுல ஓட்டப்போற ஒரே கார்னா டிடி. வீட்டுல வேற கார் இருக்கு, ஞாயித்துக்கிழமை மட்டும் அந்த வி8 சத்தம் வேணும்னா மஸ்டாங். எதுவா இருந்தாலும் விலையில 15 சதவீதத்தை முதல் வருஷ ரிப்பேருக்குத் தனியா எடுத்து வைக்கணும். அதுக்கு அடுத்த மாச சம்பளப் பட்டுவாடா காசைத்தான் தொடணும்னா, ரெண்டு வண்டியுமே இந்த வருஷம் வேண்டாம்.

அவன் இன்னும் முடிவு பண்ணல. முதல்ல பெயின்ட் மீட்டர் மட்டும் ஆர்டர் போட்டிருக்கான். நல்ல ஆரம்பம்தான். அடுத்த எபிசோட்ல பாப்போம் மக்களே.